ஒரு கட்டை, ஐந்து குரல்

முள்ளுக்குறிச்சியில் ஊர்ப் பண்டிகை. மாவிளக்கு ஊர்வலம் முடிந்து, பொங்கல் வைத்த கற்கள் இன்னும் சூடு ஆறாமல் கிடந்தன. மேடைக்குப் பின்னால் ஒரு மினி வேன் வந்து நின்றது. போஸ்டரில் மாபெரும் இன்னிசைக் கச்சேரி என்று போட்டிருந்தாலும் இறங்கியவர்கள் ஆறே பேர். பாடுவதற்கு ஓர் ஆண், ஒரு பெண். தபேலாவுக்கு ஒருவர், ரிதம் பேடுக்கு ஒருவர், மைக்கும் ஸ்பீக்கரும் பார்க்க ஒருவர். ஆறாவது ஆள், ஓர் இளைஞர், பழைய போர்வையில் சுற்றிய நீளமான எதையோ கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு இறங்கினார். கீபோர்டு.

போர்வையைப் பிரித்ததும், பொத்தான்களுக்கு மேலே வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. நாயனம், மகுடி, ஸ்ட்ரிங்ஸ், உடுக்கை. வரிசையின் கடைசியில் ‘அஞ்சு’ என்று மட்டும் ஒன்று.

அது என்ன அஞ்சு என்று கேட்டேன். இளைஞர் பதில் சொல்லவில்லை. அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டு, ஒரே விரலால் ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். பந்தக்காலில் கட்டியிருந்த குழல் விளக்கு அதிர்ந்தது. ஒரு கூட்டமே மூச்சு விட்டதுபோல இருந்தது.

“கீழ ஒரு ச, நடுவுல ச, ப, மேல ச, அதுக்கும் மேல ஒரு ப. அஞ்சும் இந்த ஒரு கட்டைக்குள்ள இருக்குதுங்க. அது மேல ரெண்டு டோன் லேயர் போட்டிருக்கேன். கேக்கறவங்களுக்குப் பத்துப் பேரு வாசிக்கற மாதிரி இருக்கும்.”

அவர் சொன்னதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒரே சுரத்தை இரண்டு மூன்று கருவிகளின் குரலில் ஒன்றாகச் சொல்ல வைப்பது லேயர். நாயனத்துக்கு அடியில் வயலின் கூட்டம் விரிப்பதுபோல. ஒரே விரலுக்குப் பல சுரங்களைக் கட்டி, கருவியின் நினைவில் போட்டுவைப்பது கார்டு மெமரி. கார்டு என்றால் அட்டை அல்ல, சுரக்கூட்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் ‘அஞ்சு’. அந்தப் பொத்தான் இந்த மலையடிவாரத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று தேடிப் போனதில் எழுதியது இது.

மலையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நாமகிரிப்பேட்டையிலிருந்து மெட்டாலா வழியாக முள்ளுக்குறிச்சிக்கு வந்தால் கொல்லிமலை எதிரே நிற்கும். சுற்றுலாக்காரர்களுக்குத் தெரிந்தது காரவள்ளிப் பக்கத்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இது அவ்வளவு பேசப்படாத பக்கம். மலைக்கு உரியவன் வல்வில் ஓரி. ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அவனுக்கு அரசு விழா நடக்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றோரம் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரு அம்புக்கு ஐந்து உயிர். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

ஆனால் அந்தப் பாட்டில், புறநானூற்றின் 152ஆவது பாட்டில், அம்புக்குப் பிறகு வருவதைப் பலரும் கவனிப்பதில்லை. காட்டில் பார்த்த வேட்டுவன் யாரென்று சரியாகத் தெரியாத நிலையிலும், இவனைப் பாடிவிடுவோம் என்று பாணர் தலைவன் தன் கூட்டத்துக்கு உத்தரவு போடுகிறான். முழவுக்கு மண் பூசு, யாழில் பண்ணை நிறுத்து, யானைத் துதிக்கைபோன்ற தூம்பை எடு, எல்லரி, ஆகுளி, ஒரு கண் பதலை என்று கருவி கருவியாகச் சொல்கிறான். எண்ணினால் ஆறு கருவிகள். ஆறுக்கும் ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறு வேண்டும், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும். கொல்லிமலையில் நடந்த கச்சேரிக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சவுண்ட் செக் அதுதான் என்று எனக்குத் தோன்றும். வேனில் வந்ததும் ஆறு பேர்தான். ஆனால் மற்ற கருவிகள் எல்லாம் ஒரே போர்வைக்குள் இருந்தன.

ஒரு விரலுக்குப் பல குரல் என்பதற்கு நம் பக்கத்துத் தாத்தா ஒருவர் உண்டு. ஒத்து. நாயனத்தின் தோற்றமேதான், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. ஒரே ஒரு சுரம். சீவாளியை உதட்டில் வைத்து, கன்னத்தில் காற்றைச் சேர்த்து, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே இரவு முழுக்க அந்த ஒரு ச விடாமல் பிடிப்பது ஒத்துக்காரரின் வேலை. கல்யாண மண்டபங்களில் விடியற்காலையில் ஒலிக்கும் நாதஸ்வரப் பதிவுகளால் நமக்குத் தெரிந்த நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், 1981இல் பத்மஸ்ரீ வாங்கியவர், ஊர்ப் பெயரையே முதற்பெயராக்கிக்கொண்டவர், வளர்ந்த மரபு இது. அவர் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரம்தான். நாயனம் எங்கே போனாலும் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருப்பது ஒத்து.

பேச்சுவழக்கில் ‘ஒத்து ஊதுறான்’ என்றால் தலைவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவன் என்று பொருள். யோசித்தால் இது ஒத்துக்காரருக்குச் செய்த அநியாயம். நாயனக்காரர் மேலே போனாலும் கீழே இறங்கினாலும் இம்மிகூட அசையாமல் நிற்பவர் அவர். சொன்னதற்கெல்லாம் ஆடுபவர் வேறொருவர். அவர் ஜப்பானிலிருந்து வந்தார். அதைப் பிறகு பார்ப்போம்.

ஐரோப்பாவில் ‘அஞ்சு’ பொத்தானின் வம்சம் தேவாலயத்து ஆர்கனில் தொடங்குகிறது. குழல் ஆர்கனில் சில இழுப்பான்களை இழுத்துவிட்டால் ஒரு கட்டைக்கு ஒரு குழல் என்ற கணக்கு போய்விடும். அதே சுரம், அதன் மேல் ஸ்தாயி, அதன் பஞ்சமம் என்று பல குழல்கள் சேர்ந்து ஊதும். அதற்கும் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டுத் துறவிகளே ஒரு பாட்டை இரண்டு குழுவாகப் பிரிந்து, பஞ்சம இடைவெளி விட்டுச் சேர்ந்தே ஏறி இறங்கிப் பாடியிருக்கிறார்கள். பிற்காலத்தில் வந்த இலக்கணக்காரர்கள் இதைப் பெரிய குற்றமாக்கினார்கள். இரண்டு குரல்கள் பஞ்சம இடைவெளியிலேயே சேர்ந்து நடக்கக் கூடாது, ஒவ்வொரு குரலும் தன் வழியைப் பார்க்க வேண்டும் என்பது மேற்கத்திய இசை வகுப்பில் இன்றும் முதலில் சொல்லித்தரும் விதிகளில் ஒன்று. இந்தத் தடையை நினைவில் வையுங்கள். கார்டு மெமரி செய்வது முழுக்க முழுக்க இந்தக் குற்றத்தைத்தான்.

நம் ஊருக்கு அந்த வம்சத்தின் பிள்ளை ஆர்மோனியமாக வந்தது. பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1840களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய பெட்டி. காலால் துருத்தி மிதிக்க வேண்டியிருந்த அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் இழுத்து வாசிக்கும்படி கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் மாற்றியமைத்தார். சென்னையில் 1842இல் தொடங்கிய மிஸ்கித் கம்பெனி, இன்றைக்கு அண்ணாசாலையில் மியூசி மியூசிகல் என்ற பெயரில் இருப்பது, பியானோவும் ஆர்கனும் விற்றுக்கொண்டிருந்தது. ஆர்மோனியத்தைத் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டி வரை கொண்டுபோனவர்கள் நாடகக்காரர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையில் அதற்குப் பெயர் வெறும் ‘பெட்டி’. மைக் இல்லாத காலம், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், ஆகவே உச்சத்தில் பாடினார்கள். அந்த உச்சத்துக்குப் பெயர் வைத்ததும் பெட்டிதான். முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டைச் சுருதி, ஐந்தாவது ஐந்து கட்டை, நடுவில் கருப்பு வந்தால் அரை. நாலரைக் கட்டை என்று இன்றும் பாடகர்கள் சொல்லும்போது, அந்தப் பிரெஞ்சுக்காரரின் பெட்டி அவர்கள் தொண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நல்ல பெட்டிகளில் கப்ளர் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டு ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்தாயியில் அதன் ஜோடிக் கட்டையும், ஆவி புகுந்ததுபோல, தானாகவே கீழே இறங்கும். கம்பியும் நெம்புகோலும் மட்டும்தான். ஒரு விரலுக்கு இரண்டு சுரம், கார்டு மெமரிக்கு முன்னோடி. பக்கவாட்டில் சில குமிழ்கள் இருக்கும். இழுத்துவிட்டால் ச அல்லது ப கை வைக்காமலே ஒலித்துக்கொண்டிருக்கும். கட்டைகளையே மொத்தமாக நகர்த்தும் ஸ்கேல் சேஞ்சர் பெட்டிகளும் வந்தன. இன்றைய கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தானுக்கு அதுதான் அம்மா. ஆக, மின்சாரம் வருவதற்கு முன்னாலேயே இந்த மூன்று வித்தைகளும் மரத்திலும் பித்தளையிலும் நம் கூத்து மேடைகளில் இருந்தன. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை போட்டிருந்தது. கமகம் வராத கருவி, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் சுரத்தைத் தொடத் தெரியாதது என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு சரிதான். தண்டனைதான் கொஞ்சம் அதிகம்.

இனி ஜப்பான்.

1978இல் அமெரிக்காவில் டேவ் ஸ்மித் புராஃபெட்-5 என்ற சிந்தசைசரைக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு மைக்ரோபிராசசர் இருந்தது. உருவாக்கிய ஒலியை எண்ணாக மாற்றி நினைவில் வைத்துக்கொள்ளும். அதுவரை பெரும்பாலும், நல்ல ஒலி ஒன்று அமைந்தால் எல்லாத் திருகுகளின் நிலையையும் காகிதத்தில் படம் வரைந்து வைப்பார்கள். விலை ஏறத்தாழ 4,000 டாலர். 1981இல் டோக்கியோவின் கோர்க் கம்பெனி, அதன் பாதி விலைக்குள் பாலிசிக்ஸ் என்று ஒன்றை விட்டது. ஒரே சமயத்தில் ஆறு குரல். அதன் பலகையில் ஆர்பெஜியோ, யூனிசன் பொத்தான்களுக்குப் பக்கத்தில் கார்டு மெமரி என்று எழுதிய ஒரு பொத்தானும் இருந்தது.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. நீங்கள் பிடித்த கார்டில் இருக்கும் சுரங்களை அது சுரங்களாக நினைவில் வைப்பதில்லை, தூரங்களாக வைக்கிறது. முள்ளுக்குறிச்சி இளைஞரின் ‘அஞ்சு’வைக் கருப்பு வெள்ளை எல்லாக் கட்டையும் சேர்த்து எண்ணினால் 0, 12, 19, 24, 31. அவ்வளவுதான் நினைவு. ரி கட்டையைத் தொட்டால் எல்லா எண்ணோடும் இரண்டு கூட்டிக்கொள்ளும். ப தொட்டால் ஏழு. இந்தக் கூட்டல் கணக்குக்கு ராகம் தெரியாது, மேளம் தெரியாது. கையில் இருக்கும் அச்சை எடுத்த இடத்திலெல்லாம் குத்தும்.

பாலிசிக்ஸுக்கு ஒரு சோகமும் உண்டு. மின்சாரத்தை அணைத்தாலும் நினைவு போகாமல் இருக்க, கேஎல்எம்-367 என்ற பலகையில் ஒரு சின்ன நிக்கல் காட்மியம் பேட்டரி வைத்தார்கள். வருடங்கள் போனதும் அது கசியும். கசிந்த காரம் பலகையின் செம்புக் கோடுகளை அரித்துத் தின்னும். பழைய சிந்தசைசர் வாங்குகிறவர்கள் பாட்டு வாசித்துப் பார்ப்பதற்கு முன் மூடியைக் கழற்றி அந்தப் பலகையைத்தான் முதலில் பார்ப்பார்கள். காவலுக்கு வைத்தவனே களஞ்சியத்தைத் தின்ற கதை.

மேற்கில் அந்தப் பொத்தானுக்கு நல்ல வாழ்வு கிடைத்தது. ஒரு மைனர் கார்டைப் பிடித்து, அதே உருவத்தில் மேலும் கீழும் நகர்த்தினால் கிடைக்கும் ஒருவிதக் குளிர்ச்சியான, தூரத்து ஒலி சிகாகோ ஹவுஸ், டெட்ராய்ட் டெக்னோ நடன இசைகளின் அடையாளமாகிவிட்டது. கார்டு மெமரியிலும், ஒலித்துண்டைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளரிலும் அதை எடுத்தார்கள். இலக்கணக்காரர்கள் பல நூறு வருடம் தடுத்து வைத்திருந்த குற்றம், பியானோ வகுப்புக்கே போகாத பையன்களின் ஒற்றை விரலில் விடுதலை ஆனது.

நம்மிடம் வந்தபோது அது வேறு விதமாக ஆனது. அதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. இதை நானே ஒரு சாயங்காலம் தாளில் போட்டுப் பார்த்தேன்.

மேஜர் கார்டை நினைவில் போட்டு (0, 4, 7) சங்கராபரணத்தின் ஏழு சுரத்தையும் வரிசையாகத் தொடுங்கள். ச, ம, ப மூன்றிலும் எல்லாம் ராகத்துக்குள்ளேயே விழும். சினிமாப் பாட்டை மூன்று கார்டில் ஒப்பேற்றும் எல்லோரும் அந்த மூன்றைத்தான் வைத்து ஒப்பேற்றுகிறார்கள். ரி தொட்டதும் பிரதி மத்தியமம் கூடவே வரும். க தொட்டால் சுத்த தைவதம். த தொட்டால் சுத்த ரிஷபம். நி தொட்டால் ஒன்றுக்கு இரண்டு வேற்றாள். சரி, நடுவில் இருக்கும் காந்தாரத்தை எடுத்துவிட்டு ச-ப மட்டும் வைத்தால்? சங்கராபரணத்தில் ஆறு சுரம் பிழைக்கும், நி மட்டும் மாட்டும். குழந்தைகளுக்கு முதலில் சொல்லித்தரும் மாயாமாளவகௌளையில் ப, த, நி மூன்றும் மாட்டும். மோகனத்தில் க ஒன்றுதான், அதன் பஞ்சமமாக வந்து நிற்கும் நி அந்த ராகத்தில் கிடையாது.

தாளை மடித்து வைத்துக்கொண்டு இளைஞரிடம் கேட்டேன், எந்தப் பாட்டுக்கெல்லாம் ‘அஞ்சு’ போடுவீர்கள் என்று.

“மோகனத்துல ஓடுங்க. க வர்றப்ப மட்டும் டக்குனு அணைச்சுப்பேன். சங்கராபரணத்துல நி கடிக்கும். மத்ததுல கை வைக்கறதே இல்ல.”

கணக்கே போடாமல் காதால் கண்டுபிடித்திருக்கிறார். ‘கடிக்கும்’ என்ற சொல்லுக்கு மேல் எந்த இசையியல் நூலும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு சிக்கலையும் அவர்தான் காட்டினார். கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் சக்கரத்தை உருட்டித்தான் கமகம் மாதிரி ஏதோ ஒன்றை வரவழைக்க வேண்டும். கார்டு மெமரி போட்டிருக்கும்போது உருட்டினால் ஐந்து சுரமும் சேர்ந்தே வழுக்கும். பாடுகிற சுரத்தோடு சுருதியும் ஆடிவிடும். ஒத்துக்காரர் பயந்துபோய் நாயனத்தின் பின்னாலேயே ஓடுவதுபோல. நான் முன்னால் சொன்ன, ஆமாம் போடும் ஆள் இவர்தான். நடக்கிற கார்டு அது. நம் காது கேட்பது உட்காருகிற சுருதியை.

அதனால் அவர் அந்தப் பொத்தானை அது பிறந்த வேலைக்கு அதிகம் பயன்படுத்துவதில்லை. கட்டைகளை இரண்டாகப் பிரித்து, இடது பக்கத்தில் ‘அஞ்சு’வைப் போட்டு, ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். வலது பக்கத்தில் நாயன டோனில் ஒற்றைச் சுரமாகப் பாட்டு. நகர்த்துவதற்காகச் செய்த அச்சை அசையாமல் ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டார். டோக்கியோவில் வரைந்த பொத்தான் கொல்லிமலை அடிவாரத்தில் ஒத்தாகிவிட்டது.

இதை அவர் மட்டும் செய்யவில்லை. பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 என்ற மூன்று மின்கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். ஜூபிடர்-8 எட்டுக் குரல் வாத்தியம், எவ்வளவு பெரிய கார்டு வேண்டுமானாலும் பிடிக்கலாம். அவர் ராகத்தை ஒற்றைக் கோடாக வாசித்தார், கீழே ஆதாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபடி வெளியானபோது, ஆசிட் ஹவுஸ் என்று பின்னால் பெயர் வாங்கிய இசைக்கு முன்னோடி இது என்று மேற்கில் ஒரே வியப்பு. அவர் செய்ததோ நமக்குப் பழகிப்போன ஒன்று. தம்பூராவுக்குப் பதில் ஒரு பெட்டி.

லேயரின் கதை இதிலிருந்து கொஞ்சம் விலகிப் போகும். அதில் சண்டை இல்லை. நம் காதுக்குக் கார்டுதான் கடிக்கும், குரல் மேல் குரல் அடுக்கினால் பிடிக்கும். நாயனம் இரண்டு சேர்ந்து வாசிப்பதே ஒரு லேயர்தானே. 1954இல் வந்த நாகின் இந்திப் படத்து மகுடி ஒலி நிஜ மகுடி அல்ல, கிளாவியோலின் என்ற பிரெஞ்சு மின்கருவியில் கல்யாண்ஜி வாசித்தது. அன்றைக்கு ஏமாந்த பாம்புகள் எத்தனையோ. அந்தக் கருவிக்கு ஒரு சமயத்தில் ஒரு குரல்தான், அடுக்க வழியில்லை. 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவிச் சந்தையில் இரண்டு கம்பெனிகளின் இரண்டு சிந்தசைசர்களை ஒரு வயரால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றொன்றும் ஒலிக்கக் காட்டினார்கள். அதுதான் மிடி. மேடையில் லேயர் அப்படித்தான் பரவியது. மிடி வயரில் ஒரு சுரத்தின் செய்தி போக ஏறத்தாழ ஒரு மில்லி செகண்ட் ஆகும். ஐந்து சுரமும் ஒன்றாகக் கேட்பதுபோல இருந்தாலும், உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றுதான் வருகின்றன. ரேஷன் கடைபோல.

1986இல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்தியபோது அதை இயக்கியவர் திலீப் என்ற பத்தொன்பது வயதுப் பையன். பின்னால் ஏ. ஆர். ரஹ்மான். 1992இல் ரோஜா வந்த பிறகு கச்சேரி மேடைகளுக்கு ஒரு நெருக்கடி வந்தது என்பது என் எண்ணம். ஸ்டுடியோவில் பல அடுக்காகச் சேர்த்த ஒலியை, பண்டிகைக் கூட்டம் அப்படியே கேட்கிறது. கேசட்டில் இருப்பது வராவிட்டால் விசில் வராது. இரண்டு கை மட்டும் உள்ள ஆளுக்கு லேயர் பொத்தானை விட்டால் வேறு வழியில்லை.

அடுக்குவதற்கும் ஒரு விலை இருக்கிறது. 1988இல் வந்த கோர்க் எம்1-இல் எட்டு ஒலிகள் வரை அடுக்கலாம். மொத்தக் குரலோ 16தான். எட்டையும் அடுக்கினால் ஒரே சமயத்தில் இரண்டு கட்டைக்கு மேல் பேசாது. முள்ளுக்குறிச்சிக் கணக்கைப் பாருங்கள்: ‘அஞ்சு’வில் ஐந்து சுரம், இரண்டு டோன், ஒவ்வொரு டோனும் உள்ளுக்குள் இரண்டு குரல் எடுத்துக்கொள்கிறது என்றால் ஒரு கட்டைக்கு 20. கருவியில் 64 குரல். மூன்று கட்டை அழுத்தலாம், நான்காவதை அழுத்தும்போது முதலாவது வாயை மூடிக்கொள்ளும். “நாலாவது விரலு வந்தா மொத விரலு செத்துரும்” என்றார். அதனால் அவர் விரல்கள் மூன்றுக்கு மேல் ஒன்றாகக் கீழே இறங்குவதே இல்லை. பார்க்கிறவர்களுக்கு நளினமாகத் தெரியும்.

இந்த வகைக் கருவிக்கு ஊர்களில் பொதுப் பெயர் கேசியோ. எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும் கேசியோதான். கால்குலேட்டர் செய்த அந்தக் கம்பெனி 1980இல் கீபோர்டு செய்யத் தொடங்கி, ஒரு விரலில் கார்டு பிடிக்கும் வித்தையையும் வைத்தது. ஒரு கட்டை அழுத்தினால் மேஜர், அதன் வலப்பக்கம் இன்னொன்று சேர்த்தால் மைனர், இரண்டு சேர்த்தால் செவன்த். யமஹாவில் இதற்கு வேறு இலக்கணம்: இடப்பக்கத்துக் கருப்புக் கட்டை சேர்ந்தால் மைனர், வெள்ளை சேர்ந்தால் செவன்த். சர்ச்சில் ஒன்றில் கற்றுக்கொண்டு மேடையில் மற்றொன்றில் உட்கார்ந்த பையன்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இது கார்டு மெமரி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது இலக்கணம் படித்த பையன், கேட்டதற்கு ஏற்ப மேஜரோ மைனரோ சொல்வான். கார்டு மெமரி கிளி. சொல்லிக் கொடுத்த ஒன்றையே உச்சத்திலும் சொல்லும், பாதாளத்திலும் சொல்லும்.

என் சிறு வயதில் சேலம் பக்கத்துக் கச்சேரிகள் லாரியில் வந்து இறங்கும். அக்கார்டியன், இரண்டு கிடார், வயலின், புல்லாங்குழல், டிரம்பெட், தும்பா, பாங்கோஸ். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருபது இலை போட வேண்டியிருக்கும். விழாக் கமிட்டிக்காரர்கள் அதைச் சொல்லியே முன்பணத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். இன்று ஆறு இலை. ஓரியின் ஒரு அம்பு வீழ்த்திய ஐந்தையும் நான் அப்போதுதான் மறுபடி எண்ணினேன்: அக்கார்டியன்காரர், வயலின்காரர், குழல்காரர், டிரம்பெட்காரர், பேஸ் கிடார்காரர். இளைஞரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அந்த ஐந்து பேர் சம்பளமும் சேர்த்து வரவில்லை.

ஊர்வலத்துக்கு வந்த நாயனக் குழுவும் மேடையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாயனம், இரண்டு தவில். ஒத்துக்காரர் நிற்க வேண்டிய இடத்தில், தோளில் மாட்டும் துணிப்பைக்குள் ஓர் எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற குழல் வாசிக்கும் பொறியாளர் 1970களின் கடைசியில் மின்னணுத் தம்பூரா செய்யப் புறப்பட்டதன் தொடர்ச்சி. மூத்த நாயனக்காரர் வெற்றிலையை மென்றபடி கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கச்சேரி தொடங்கி நான்காவது பாட்டில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எழுந்து வர ஐந்து நிமிடம். விளக்கு வந்ததும் இளைஞர் திரையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பாடுகிற பெண்ணின் குரலுக்கு ஏற்றபடி அன்று சாயங்காலம் மாற்றி வைத்திருந்த ‘அஞ்சு’ போய்விட்டது. பழையதுதான் இருந்தது. மாற்றியதைச் சேமிக்க மறந்திருக்கிறார். மறுபடி அமைக்க நேரமில்லை, கூட்டம் விசிலடிக்கத் தொடங்கிவிட்டது.

ஆர்மோனிய டோனைத் தட்டினார். தபேலாக்காரரிடம் தீப்பெட்டி வாங்கினார். இடதுகைப் பக்கம் ச கட்டையை அழுத்தி, அதற்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவே ஒரு தீக்குச்சியைச் செருகினார். ப கட்டையில் இன்னொன்று. இரண்டு கட்டைகளும் கீழேயே நின்றுகொண்டன. சுருதி பந்தலெங்கும் பரவியது. கையை எடுத்துவிட்டு வலது கையால் பாட்டை எடுத்தார்.

பாட்டு முடிந்ததும் கீழேயிருந்து மூத்த நாயனக்காரர் குரல் கொடுத்தார்.

“தம்பி, உங்க ஒத்துக்காரனுக்கு ராத்திரிக்கு எவ்வளவு சம்பளம்?”

“ரெண்டு குச்சிங்கய்யா.”